பண்டிகைக் கூட்டத்துக்குத் தரவுத்தளத்தை ஆயத்தம் செய்தல்: டெல்டாவின் இணையக் கடைகளுக்கு ஒரு வழிகாட்டி

நாச்சியார்கோவில் குத்துவிளக்கு, சுவாமிமலை ஐம்பொன் சிலை, திருபுவனம் பட்டு, தஞ்சாவூர்த் தலையாட்டி பொம்மை, கும்பகோணம் டபரா டம்ளர் ஆகியவற்றை விற்கும் கடைகளில் பல இன்று இணையத்திலும் விற்பனை செய்கின்றன. அத்தகைய கடையின் மென்பொருளைப் பார்த்துக்கொள்ளும் பொறுப்பு பெரும்பாலும் ஒருவரிடமோ இருவரிடமோதான் இருக்கும். அவர்கள் நிரல் எழுதப் பழகியவர்களாக இருப்பார்களே தவிர, தரவுத்தள நிர்வாகத்தைத் தனியே கற்றவர்களாக இருப்பது அரிது. ஆண்டின் பெரும்பகுதியில் அதனால் குறை எதுவும் தெரிவதில்லை. தீபாவளிக்கு முந்தைய வாரங்களில்தான் பக்கங்கள் திறக்கத் தாமதமாகின்றன, பணம் செலுத்தும் இடத்தில் சக்கரம் சுற்றிக்கொண்டே நிற்கிறது, ஒரே சேலை இருவருக்கு விற்கப்பட்டுவிடுகிறது. உடனே எல்லாரும் செய்வது இன்னும் பெரிய சர்வர் ஒன்றை வாடகைக்கு எடுப்பது. என் கணிப்பில் அது கடைசியில் செய்ய வேண்டிய வேலை. முதலில் அளந்து, பின் வினவல்களை, அதாவது நிரல் தரவுத்தளத்துக்கு அனுப்பும் கேள்விகளையும் கட்டளைகளையும், திருத்தி, அதன்பின் தேவையைக் கணக்கிட்டவர்களுக்கு, பெரிய சர்வர் வேண்டுமா வேண்டாமா என்பதைக் காகிதத்தில் கூட்டிப் பார்த்தே சொல்லிவிட முடியும்.

1970-ல் ஐபிஎம் நிறுவனத்தில் பணியாற்றிய எட்கர் காட் வகுத்தளித்த உறவுமுறைத் தரவுத்தளக் கோட்பாட்டின் மேல் எழுந்தவையே மைஎஸ்கியூஎல், போஸ்ட்கிரெஸ் போன்ற இன்றைய மென்பொருள்கள். இக்கட்டுரையில் சொல்லப்படுபவை இவ்விரண்டுக்கும் பொருந்தும். வேறுபடும் இடங்களைத் தனியே குறிப்பிட்டிருக்கிறேன். விளக்கத்துக்காகக் கும்பகோணத்தில் ஒரு கற்பனைக் கடையை எடுத்துக்கொள்வோம். அதில் 12,000 பொருள்கள் விற்பனைக்கு உள்ளன. இதுவரை 4 லட்சம் ஆர்டர்கள் பதிவாகியுள்ளன. அந்த ஆர்டர்களுக்குள் 11 லட்சம் உருப்படிகள் இருக்கின்றன. சாதாரண நாளில் 600 ஆர்டர்கள் வருகின்றன. உங்கள் கடையின் எண்களை இவற்றின் இடத்தில் இட்டுக் கணக்கைத் திரும்பப் போட்டுக்கொள்ளலாம்.

முதல் படி: தரவுத்தளத்திடம் என்ன கேட்கப்படுகிறது என்பதை எழுதிக்கொள்ளுதல்

ஒரு தாளில் கடையின் செயல்களை எழுதுங்கள்: முகப்புப் பக்கம், வகைப் பக்கம், பொருள் பக்கம், தேடல், கூடையில் சேர்த்தல், ஆர்டர் இடுதல், பணம் வந்த செய்தியைப் பதிதல், வாடிக்கையாளர் தம் ஆர்டரைப் பார்த்தல், கல்லாவில் இருப்பவர் கைப்பேசி எண்ணைக் கொண்டு ஆர்டரைத் தேடுதல், மாலைக் கணக்கு, ஜிஎஸ்டி அறிக்கை. ஒவ்வொன்றுக்கும் எதிரே அது எத்தனை வினவல்களை அனுப்புகிறது, எந்த அட்டவணைகளைத் தொடுகிறது, படிக்க மட்டும் செய்கிறதா எழுதவும் செய்கிறதா என்று குறியுங்கள். இந்த வேலையைத் தவிர்க்கத் தோன்றும், தவிர்க்க வேண்டாம். வகைப் பக்கம் ஒன்றுக்கு ஐந்தாறு வினவல்கள்தாம் போகின்றன என்று நம்பியிருந்தவர் எழுபதைக் காண்பது இந்த இடத்தில்தான்.

அந்த எழுபது எப்படி வருகிறது என்பதையும் சொல்லிவிடுகிறேன். வகைப் பக்கத்துக்கு 24 விளக்குகளின் பட்டியலை ஒரு வினவலில் எடுத்துவிட்டு, பிறகு ஒவ்வொரு விளக்குக்கும் படம், விலை, இருப்பு ஆகியவற்றைத் தனித்தனியே நிரல் கேட்கிறது. நிரலாளர் எழுதியது ஒரே ஒரு சுற்று. அது தரவுத்தளத்துக்கு 72 கூடுதல் வினவல்களாகப் போய்ச் சேருகிறது. பொருள்களின் எண்களை மொத்தமாகக் கொடுத்து ஒரே வினவலில் இணைத்துக் கேட்டால் இது மூன்று நான்காகச் சுருங்கும். நிரலும் தரவுத்தளமும் வேறு வேறு ஊர்களில் இருந்தால் இந்தக் குறை பெருந்தொல்லையாகிவிடும். தஞ்சாவூருக்கும் மும்பைக்கும் நேர்கோட்டுத் தொலைவே 1,100 கிலோமீட்டருக்கு மேல். கண்ணாடி இழையில் ஒளி நொடிக்கு ஏறத்தாழ 2 லட்சம் கிலோமீட்டர் செல்வதால், போய்வருவதற்கு மட்டுமே 11 மில்லிநொடிக்குக் குறையாது. எழுபது முறை போய்வந்தால் முக்கால் நொடி கழிந்துவிடும். ஆகவே நிரல் ஓடும் சர்வரும் தரவுத்தளமும் ஒரே தரவு மையத்தில் இருக்கட்டும்.

இரண்டாம் படி: அளத்தல்

மெதுவான வினவல்களைத் தனிப் பதிவேட்டில் எழுதும் வசதி மைஎஸ்கியூஎல்லில் உண்டு. ஆனால் நிறுவும்போது அது அணைத்தே வைக்கப்பட்டிருக்கும். அதைத் திறந்துவிட்டாலும், 10 நொடிக்கு மேல் ஓடும் வினவலை மட்டுமே மெதுவானதாகக் கருதும். இணையக் கடையில் 10 நொடி காத்திருப்பவர் யாருமில்லை. வரம்பை அரை நொடிக்குக் கொண்டுவந்து, சில நாள்களுக்குப் பின் 100 மில்லிநொடிக்கு இறக்குங்கள். போஸ்ட்கிரெஸில் பிஜி ஸ்டாட் ஸ்டேட்மென்ட்ஸ் என்னும் நீட்சியை இயக்கினால், ஒரே வடிவிலுள்ள வினவல்கள் எத்தனை முறை ஓடின, மொத்தம் எவ்வளவு நேரம் எடுத்துக்கொண்டன என்று தொகுத்துக் காட்டும். பட்டியலை மொத்த நேரத்தைக் கொண்டே வரிசைப்படுத்த வேண்டும். மாதம் ஒருமுறை 40 நொடி ஓடும் ஜிஎஸ்டி அறிக்கை கண்ணை உறுத்தும்; ஆனால் 30 மில்லிநொடியே எடுத்துக்கொண்டு ஒரு மணி நேரத்தில் 2 லட்சம் முறை ஓடும் சிறிய வினவலே சர்வரைத் தேய்க்கிறது.

சராசரியை நம்புவது புதியவர்களுக்கு நேரும் இன்னொரு இடர். ஜூன் 12-ல் மேட்டூர் அணையிலிருந்து எத்தனை ஆயிரம் கன அடி திறந்துவிடப்பட்டது என்ற செய்தியைக் கொண்டு, வேதாரண்யம் பக்கத்துக் கடைமடை வயலில் தண்ணீர் பாய்ந்ததா என்று சொல்லிவிட முடியாதல்லவா? அதுபோல, பக்கம் திறக்கச் சராசரியாக 200 மில்லிநொடி ஆகிறது என்ற எண், நூற்றில் ஐந்து பேர் இரண்டு நொடி காத்திருந்ததை மறைத்துவிடும். நூறு கோரிக்கைகளை வேக வரிசையில் நிறுத்தினால் 95-ஆவதாகவும் 99-ஆவதாகவும் நிற்பவற்றுக்கு எவ்வளவு நேரம் ஆயிற்று என்பதைத் தனியே குறித்துக்கொள்ளுங்கள். அந்தக் கடைசி வரிசையில் இருப்பவர்கள் பெரும்பாலும் கூடை நிறையப் பொருள் வைத்திருப்பவர்கள் அல்லது பழைய ஆர்டர்கள் நிறைய உள்ளவர்கள். கடைக்கு மிகவும் வேண்டியவர்களும் அவர்களே.

மூன்றாம் படி: மெதுவான வினவலைத் திருத்துதல்

பட்டியலின் தலையில் உள்ள வினவலை எடுத்து, அதன் முன் எக்ஸ்பிளெய்ன் என்ற கட்டளையைச் சேர்த்து ஓட்டினால், தரவுத்தளம் அதை எந்த வழியில் நிறைவேற்றப்போகிறது என்பதைக் காட்டும். மைஎஸ்கியூஎல்லில் வகை என்ற கட்டத்தில் ‘ஆல்’ என்றோ, போஸ்ட்கிரெஸில் ‘சீக் ஸ்கேன்’ என்றோ வந்தால், அட்டவணையின் எல்லாப் பதிவுகளையும் முதலிலிருந்து படிக்கிறது என்று பொருள். 40 பதிவுகள் உள்ள மாவட்டப் பட்டியலுக்கு அது நன்றே. 11 லட்சம் உருப்படிகள் உள்ள அட்டவணைக்கு ஆகாது. கட்டளையோடு அனலைஸ் என்பதையும் சேர்த்தால், வினவல் உண்மையிலேயே ஓடி அளந்த நேரத்தைத் தரும். ஆகையால் அழிக்கும் கட்டளையையோ மாற்றும் கட்டளையையோ அவ்வாறு சோதிக்க வேண்டாம்.

பெரும்பாலான திருத்தங்கள் இண்டெக்ஸில், அதாவது தேடும் பதிவு எங்கே உள்ளது என்று காட்டும் வரிசைப் பட்டியலில், முடிகின்றன. வழக்கமான இண்டெக்ஸ், பி-மரம் என்ற அமைப்பில் அடுக்கடுக்காக இருக்கும். மைஎஸ்கியூஎல்லின் சேமிப்புப் பகுதியான இன்னோடிபி தன் தரவை 16 கிலோபைட் பக்கங்களாகவும், போஸ்ட்கிரெஸ் 8 கிலோபைட் பக்கங்களாகவும் வைத்துக்கொள்கின்றன. ஒரு பக்கத்தில் சில நூறு சாவிகள் அடங்குவதால், மூன்று அடுக்குகள் இறங்கினாலே கோடிக்கணக்கான பதிவுகளில் ஒன்றைத் தொட்டுவிடலாம். இரண்டு புலங்களைச் சேர்த்து இண்டெக்ஸ் அமைக்கும்போது வரிசை முக்கியம். ‘இந்த வாடிக்கையாளரின் அண்மை ஆர்டர்கள்’ என்பதற்கு முதலில் வாடிக்கையாளர் எண், பிறகு ஆர்டர் நேரம் என்று அமைக்க வேண்டும். அதே இண்டெக்ஸ் ‘நேற்று வந்த எல்லா ஆர்டர்களும்’ என்ற கேள்விக்கு உதவாது. ஓர் அட்டவணையின் பதிவை மற்றோர் அட்டவணையின் பதிவோடு இணைக்கும் அயல் சாவிகளுக்கு இன்னோடிபி இண்டெக்ஸைக் கட்டாயமாக்குகிறது. போஸ்ட்கிரெஸ் தானாக அமைப்பதில்லை. இதை அறியாமல் ஒரு மென்பொருளிலிருந்து மற்றதற்கு மாறியவர்கள் உருப்படி அட்டவணையில்தான் அடிபடுவார்கள். விற்பனை நடந்துகொண்டிருக்கும்போது போஸ்ட்கிரெஸில் இண்டெக்ஸ் சேர்க்க வேண்டியிருந்தால், கன்கரன்ட்லி என்ற சொல்லைச் சேர்த்தால்தான் எழுதும் வேலைகள் நிற்காமல் நடக்கும். எல்லாப் புலங்களுக்கும் இண்டெக்ஸ் போட்டுவிடுவதும் தீர்வாகாது. ஒவ்வொரு ஆர்டரும் பதியப்படும்போது அத்தனை இண்டெக்ஸ்களிலும் எழுத வேண்டியிருக்கும்.

இண்டெக்ஸ் இருந்தும் பயன்படாத இடங்கள் சில உண்டு. கைப்பேசி எண்ணை எழுத்துச் சரமாகச் சேமித்துவிட்டு, வினவலில் மேற்கோள் குறியின்றி எண்ணாகக் கொடுத்தால், மைஎஸ்கியூஎல் ஒவ்வொரு பதிவையும் எண்ணாக மாற்றி ஒப்பிடுமே தவிர இண்டெக்ஸைத் தொடாது. “என் பார்சல் எங்கே இருக்கிறது?” என்று வாடிக்கையாளர் தொலைபேசியில் கேட்கும்போது கல்லாவில் திரை உறைந்து நிற்பதற்கு இது போதும். ஆர்டர் நேரத்திலிருந்து தேதியை மட்டும் பிரித்தெடுக்கும் சார்பைப் பயன்படுத்தி இன்றைய தேதியோடு ஒப்பிடுவதும் அவ்வாறே. அதற்குப் பதிலாக, தொடக்க நேரம் முதல் முடிவு நேரம் வரை என்று இரு எல்லைகளைக் கொடுங்கள். சர்வர் உலகப் பொது நேரத்தில் ஓடினால் நம் நாள் அங்கே முந்தைய நாள் 18:30-க்குத் தொடங்குகிறது என்பதையும் அந்த எல்லையில் சேர்த்துக்கொள்ள வேண்டும். இல்லையேல் மாலைக் கணக்கு ஒருபோதும் வங்கிக் கணக்கோடு ஒத்துவராது. பட்டியலின் 200-ஆம் பக்கத்தை ஆஃப்செட் (இத்தனை பதிவுகளைத் தாண்டு என்னும் கட்டளை) கொண்டு கேட்டால், முந்தைய 199 பக்கங்களையும் படித்துத் தள்ளிவிட்டே தரவுத்தளம் வரும். கடைசியாகக் காட்டிய பொருளின் எண்ணுக்கு அடுத்ததிலிருந்து கேட்பது சிக்கனம்.

தமிழில் பொருள்பெயர் வைத்திருப்பவர்கள் தேடலுக்குத் தனிக் கவனம் தர வேண்டும். எழுத்துகளைக் கணினியில் சேமிக்கும் யுடிஎஃப்-8 முறையில் தமிழின் ஒவ்வொரு குறியீடும் 3 பைட் பிடிக்கும். ‘குத்துவிளக்கு’ என்பதை நாம் ஏழு எழுத்தாக எண்ணுகிறோம். கணினிக்கு அது 13 குறியீடுகள், 39 பைட்டுகள். எனவே பெயருக்கு 20 குறியீடு போதும் என்று வரம்பு வைத்தால் நீளமான பெயர்கள் வெட்டுப்படும் அல்லது பதிவே மறுக்கப்படும். இதைவிடச் சிக்கலானது ஒகர வரிசை. ‘பொம்மை’ என்பதன் முதல் எழுத்தை, பகரத்தோடு ஒகரக் குறி ஒன்றைச் சேர்த்தும் எழுதலாம். ஒற்றைக்கொம்பு, கால் என்ற இரண்டு குறிகளைச் சேர்த்தும் எழுதலாம். திரையில் இரண்டும் ஒன்றாகவே தெரியும். பைட்டுகளை ஒப்பிடும்போது இரண்டும் வேறு. பொருளைப் பதிவேற்றியவர் ஒரு விதமாகவும் தேடுபவர் மற்றொரு விதமாகவும் தட்டச்சு செய்தால், கிடங்கில் இருக்கும் பொம்மை கடையில் இல்லை என்று வரும். சேமிக்கும்போதும் தேடும்போதும் என்எஃப்சி என்ற ஒரே வடிவத்துக்கு மாற்றிவிடுவது நிரலில் ஒரு வரி வேலை.

தேடலுக்கு, சொல்லின் இருபுறமும் விழுக்காட்டுக் குறியிட்டு, அச்சொல் பெயரில் எங்கிருந்தாலும் பொருந்துமாறு லைக் என்று கேட்பது எளிது. ஆனால் சொல்லின் தொடக்கம் தெரியாததால் பி-மரம் உதவாது, 12,000 பெயர்களும் ஒவ்வொரு தேடலுக்கும் படிக்கப்படும். பொருளுக்கு வழங்கும் பெயர்களையெல்லாம், பிரித்து எழுதியது, சேர்த்து எழுதியது, பேச்சு வழக்கு, ஆங்கில எழுத்தில் தட்டச்சு செய்வது என்று தனி அட்டவணையில் ஒவ்வொன்றாக இட்டு, தொடக்கத்திலிருந்து பொருந்துமாறு தேடுவது இந்த அளவுள்ள கடைக்குப் போதுமானது. அந்தப் பட்டியலைக் கல்லாவில் இருப்பவரிடம் கேட்டு எழுதினால் நிரலாளர் எழுதுவதைவிட நன்றாக இருக்கும்.

நான்காம் படி: இருப்பைக் காத்தல்

டெல்டாவின் கைவினைப் பொருள்களில் பலவற்றுக்கு இருப்பு ஒன்றே ஒன்றுதான். சுவாமிமலையில் மெழுகு வார்ப்பு முறையில் செய்யப்படும் சிலைக்கு, உலோகம் ஆறியபின் மண் அச்சு உடைக்கப்படுகிறது. அதே அச்சில் இன்னொன்று வார்க்க முடியாது. கைத்தறிப் பட்டிலும் அதே நிறச் சேர்க்கையில் மறு சேலை உடனே கிடைப்பதில்லை. ஆகவே ‘இருப்பைப் படி, ஒன்று இருந்தால் ஒன்றைக் கழித்து எழுது’ என்று இரண்டு தனிக் கட்டளைகளாக எழுதப்பட்ட நிரல், இரண்டு பேர் ஒரே நேரத்தில் வந்தால் இருவருக்கும் விற்றுவிடும். ‘இருப்பு ஒன்றுக்குக் குறையாமல் இருந்தால் மட்டும் ஒன்றைக் கழி’ என்று நிபந்தனையோடு ஒரே அப்டேட் கட்டளையாக எழுதி, எத்தனை பதிவுகள் மாறின என்று பார்க்க வேண்டும். சுழியம் என்று வந்தால் பொருள் போய்விட்டது.

இங்கே வேகத்துக்கும் ஒரு கண்ணி இருக்கிறது. அப்டேட் செய்தவுடன் அந்தப் பதிவு பூட்டப்படுகிறது. பரிவர்த்தனை (ஒன்றாகவே நிறைவேற வேண்டிய தரவுத்தளக் கட்டளைகளின் தொகுதி) முடியும்வரை வேறு எவரும் அதை மாற்ற முடியாது. பூட்டை வைத்துக்கொண்டே பணம் செலுத்தும் நிறுவனத்தின் பதிலுக்காக நிரல் காத்திருந்தால், ஒரு ஆர்டருக்கு 3 நொடி என்று வைத்தாலும், தள்ளுபடியில் அறிவித்த ஒரே வகை விளக்கை நிமிடத்துக்கு 20 பேருக்கு மேல் வாங்க முடியாது. எவ்வளவு பெரிய சர்வரை எடுத்தாலும் அந்த 20 உயராது. பரிவர்த்தனையை 20 மில்லிநொடியில் முடித்தால் அதே பதிவில் நொடிக்கு 50 பேர் வாங்கலாம். ஆகவே பொருளைச் சில நிமிடங்களுக்கு ஒதுக்கீடு செய்து பரிவர்த்தனையை முடித்துவிடுங்கள். பணத்தை அதற்கு வெளியே கேளுங்கள். பணம் வராவிட்டால் கெடு முடிந்ததும் ஒதுக்கீட்டைத் திருப்புங்கள். கூடையில் பல பொருள்கள் இருந்தால் எப்போதும் பொருள் எண்ணின் ஏறுவரிசையில் கழியுங்கள். ஒருவர் விளக்கைப் பூட்டிவிட்டு டம்ளருக்கும் மற்றவர் டம்ளரைப் பூட்டிவிட்டு விளக்குக்கும் காத்திருக்கும் முட்டுக்கட்டை அப்போது ஏற்படாது. யுபிஐ வழியாகப் பணம் வந்த செய்தி இரண்டு முறை வந்து சேர்வது இயல்பே. பணப் பரிமாற்ற எண்ணின் மேல் தனித்துவக் கட்டுப்பாடு இருந்தால் இரண்டாவது தானே மறுக்கப்படும். தொகையைப் பைசாவாக முழு எண்ணிலோ டெசிமல் வகையிலோ வையுங்கள். மிதவைப் புள்ளி எண் பணத்துக்கு ஏற்றதன்று.

ஐந்தாம் படி: கொள்ளளவைக் கணக்கிடுதல்

இந்தக் கணக்கு ஆண்டின் சராசரி நாளுக்கு உரியதன்று. மிகப் பரபரப்பான மணி நேரத்துக்கு உரியது. அந்த மணி நேரம் எப்போது வரும் என்பதைக் கண்டறிவதில்தான் வெளியூர்க் கருவிகள் தவறிவிடுகின்றன. அவை ‘சென்ற ஆண்டு இதே தேதி’ என்று ஒப்பிடும். தீபாவளியோ 2023-ல் நவம்பர் 12, 2024-ல் அக்டோபர் 31, 2025-ல் அக்டோபர் 20 என்று நகர்ந்துகொண்டே இருக்கிறது. ஆகவே விற்பனையைத் ‘தீபாவளிக்கு முன் 12-ஆம் நாள்’ என்பதுபோல் எண்ணிக் குறிக்க வேண்டும். பார்சல் போய்ச் சேர நாளாகும் என்பதால் இணையக் கூட்டம் பண்டிகை நாளுக்குச் சில நாள் முன்னதாகவே உச்சத்தைத் தொட்டு இறங்கிவிடும். விளக்குக் கடைக்குக் கார்த்திகை தீபம் தனி உச்சம். அது 2024-ல் டிசம்பர் 13, 2025-ல் டிசம்பர் 3. பாத்திரத்துக்கும் பட்டுக்கும் ஆவணி, தை முகூர்த்தங்கள். கும்பகோணத்துக்காரர்கள் 2028-ஆம் ஆண்டின் மகாமகத்தையும் தாளின் ஓரத்தில் குறித்துவைக்கலாம்.

கற்பனைக் கடைக்கு வருவோம். உச்ச நாளில் சாதாரண நாளைப்போல் பத்து மடங்காக 6,000 ஆர்டர்கள் வரும் என்றும், அதில் நூற்றுக்கு 15 பங்கு ஒரே மணி நேரத்தில் விழும் என்றும் கொள்வோம். மணிக்கு 900, அதாவது நொடிக்கு 0.25 ஆர்டர். வருபவர்களில் ஐம்பதில் ஒருவர் வாங்குகிறார் என்றால் நொடிக்கு 12.5 பேர் நுழைகிறார்கள். ஒருவர் எட்டுப் பக்கம் பார்த்தால் நொடிக்கு 100 பக்கம். பக்கத்துக்கு 12 வினவல் என்றால் நொடிக்கு 1,200 வினவல். வாட்ஸ்அப்பில் தள்ளுபடி அறிவித்த முதல் சில நிமிடங்களுக்கு இரண்டு மடங்கு சேர்த்து 2,400 என்று வையுங்கள்.

இனி, 1961-ல் ஜான் லிட்டில் நிறுவிக்காட்டிய விதி ஒன்று கைகொடுக்கும்: ஓர் அமைப்புக்குள் ஒரே நேரத்தில் இருப்பவற்றின் எண்ணிக்கை, அவை வந்து சேரும் வேகத்தையும் ஒவ்வொன்றும் உள்ளே தங்கும் நேரத்தையும் பெருக்கினால் கிடைப்பது. நொடிக்கு 1,200 வினவல், ஒவ்வொன்றும் 5 மில்லிநொடி என்றால், எந்தக் கணத்திலும் ஓடிக்கொண்டிருப்பவை 6. ஒவ்வொன்றும் 50 மில்லிநொடி என்றால் 60. எட்டு கோர் (ஒரே நேரத்தில் ஒரு வேலையைச் செய்யும் செயலிப் பகுதி) உள்ள சர்வர் முதலாவதைத் தாங்கும், இரண்டாவதைத் தாங்காது. மூன்றாம் படியில் செலவிட்ட உழைப்பின் மதிப்பு இந்தப் பெருக்கலில் தெரிகிறது.

சர்வரை நூற்றுக்கு நூறு பயன்படுத்த முடியாது என்பதையும் எண்ணிக்கையில் காணலாம். கோரிக்கைகள் ஒழுங்கின்றி வந்து ஒற்றை வரிசையில் நிற்கும் எளிய அமைப்பில், வேலைக்கு ஆகும் நேரத்தை மீதமிருக்கும் வலுவின் பங்கால் வகுத்தால் மொத்தக் காத்திருப்பு கிடைக்கும். 5 மில்லிநொடி வேலை, சர்வர் பாதி நேரம் சும்மா இருக்கும்போது 10 மில்லிநொடியில் முடியும், 80% பயன்பாட்டில் 25, 90%-ல் 50, 95%-ல் 100. பல கோர்கள் இருந்தால் வளைவு சற்றுத் தாமதமாகத் தொடங்கும், வளைவது உறுதி. ஆகவே உச்ச மணி நேரத்தில் 60% பயன்பாட்டைத் தாண்டாத அளவுக்கே திட்டமிடுவது என் வழக்கம். மேற்படி கணக்கில் 2,400 வினவல், 5 மில்லிநொடி என்றால் 12 கோர் அளவுக்கு வேலை. 60% வரம்பின்படி 20 கோர் வேண்டும். பக்கத்துக்கு 12 வினவலை 6 ஆக்கினால் 10 கோர் போதும். இந்த ஒப்பீட்டைக் கடை உரிமையாளரிடம் காட்டினால், நிரலைத் திருத்த இரண்டு வாரம் கேட்பது எளிதாகிவிடும்.

நினைவகத்துக்கும் இதே வகைக் கணக்கு. ஆர்டர் பதிவு 300 பைட் என்றால் 4 லட்சத்துக்கு 120 மெகாபைட். உருப்படி 150 பைட் என்றால் 11 லட்சத்துக்கு 165 மெகாபைட். இண்டெக்ஸ்களையும் பொருள் பட்டியலையும் சேர்த்தாலும் ஒரு கிகாபைட்டைத் தொடுவது அரிது. இவ்வளவு சிறிய தரவுக்குத் தரவுத்தளத்தைப் பல சர்வர்களில் பிரித்துவைக்கும் யோசனைகளெல்லாம் வீண் சுமை. ஆனால் அடிக்கடி தேவைப்படும் தரவை ரேமில் வைத்துக்கொள்ளும் இன்னோடிபியின் தாங்கு நினைவகமும் போஸ்ட்கிரெஸின் பகிர்வு நினைவகமும் நிறுவும்போது 128 மெகாபைட்டாகவே இருக்கும். 16 கிகாபைட் ரேமுக்கு வாடகை கட்டிவிட்டு இந்த எண்ணை மாற்றாதவர்கள் பலர். தரவுத்தளத்துக்கென்றே உள்ள சர்வரில், மைஎஸ்கியூஎல் என்றால் ரேமில் பாதிக்கு மேலும், போஸ்ட்கிரெஸ் என்றால் கால் பங்கும் ஒதுக்கித் தொடங்கலாம்.

வளர்வது ஆர்டர் அட்டவணை அன்று. ‘யார் எந்தப் பக்கத்தைப் பார்த்தார்’ என்று எழுதிவைக்கும் அட்டவணை, சாதாரண நாளிலேயே 600 ஆர்டருக்கு 2,40,000 பதிவு பெறும். பதிவுக்கு 200 பைட் என்றால் நாளுக்கு 48 மெகாபைட், ஆண்டுக்கு 17 கிகாபைட்டுக்கு மேல். கடையின் முழு வரலாற்றையும்போல் பல மடங்கு இடத்தை, யாரும் திரும்பிப் பார்க்காத ஒன்று பிடித்துக்கொள்கிறது. அதை வேறு இடத்துக்கு மாற்றுங்கள் அல்லது 30 நாளில் அழியுங்கள். பொருள்களின் படங்களைத் தரவுத்தளத்துக்குள் வைக்கவே வேண்டாம். கோப்பின் முகவரி போதும்.

ஆறாம் படி: இணைப்புகள்

நிரல் தரவுத்தளத்தோடு பேச ஓர் இணைப்பைத் திறக்க வேண்டும். போஸ்ட்கிரெஸ் இயல்பாக 100 இணைப்புகளையும் மைஎஸ்கியூஎல் 151 இணைப்புகளையும் ஏற்கும். நிரல் சர்வர் ஒன்று 20 இணைப்புகளை வைத்துக்கொண்டு, கூட்டம் கூடும்போது சர்வர்கள் நான்கிலிருந்து பன்னிரண்டாகத் தாமே பெருகுமாறு அமைத்திருந்தால், 80 இணைப்பு 240 ஆகி, விற்பனை சூடுபிடிக்கும் நிமிடத்தில் தரவுத்தளம் கதவைச் சாத்திவிடும். வரம்பை 1,000 என்று உயர்த்துவது தீர்வன்று. எட்டு கோர் ஒரே நேரத்தில் செய்யக்கூடிய வேலை எட்டுதான். சில இணைப்புகளைப் பல கோரிக்கைகளுக்கும் பகிர்ந்து தரும் பிஜிபவுன்சர் போன்ற இணைப்புத் தொகுப்பியை இடையில் வைத்து, இணைப்புகளைக் கோர் எண்ணிக்கையைப்போல் இரண்டு மடங்கில் தொடங்கி, அளந்து மாற்றுங்கள்.

ஏழாம் படி: ஒத்திகை

தீபாவளிக்கு ஒரு மாதம் முன்பாவது முழு அளவுத் தரவின் நகலில் ஒத்திகை பார்க்க வேண்டும். நூறு பதிவு உள்ள சோதனைத் தரவுத்தளத்தில் எந்தக் குறையும் தென்படாது. நகலில் வாடிக்கையாளரின் பெயர், முகவரி, கைப்பேசி எண்களை மறைத்துவிடுங்கள். ஜேமீட்டர், கே6 போன்ற கருவிகளில், முதல் படியில் எழுதிய தாளின்படி, பார்ப்பவரும் தேடுபவரும் வாங்குபவரும் அதே விகிதத்தில் வருமாறு அமைத்து, கணக்கிட்ட உச்சம்வரை ஏற்றி, பிறகு அதற்கு மேலும் ஏற்றி எந்த இடத்தில் முறிகிறது என்று பாருங்கள். எல்லாரும் ஒரே பொருளை வாங்கும் சோதனையைத் தனியே நடத்துங்கள். நான்காம் படியின் பூட்டுச் சிக்கல் அதில் மட்டுமே வெளிப்படும். பண்டிகைக்குரிய புதுப் பொருள்களை மொத்தமாகப் பதிவேற்றியபின், வினவல் திட்டமிடும் பகுதி பழைய புள்ளிவிவரத்தைக் கொண்டு தவறான வழியைத் தேர்ந்தெடுக்காமல் இருக்க, அனலைஸ் கட்டளையை, எக்ஸ்பிளெய்ன் இல்லாமல் தனியே, ஒருமுறை ஓட்டுங்கள். உச்சத்துக்கு இரண்டு வாரம் முன்னிருந்து அட்டவணைகளின் அமைப்பில் எந்த மாற்றமும் செய்வதில்லை என்று முடிவெடுத்து, அதை உரிமையாளருக்கும் சொல்லிவிடுங்கள். கடைசி நாளில் புதுத் தள்ளுபடி முறை ஒன்று அவருக்குத் தோன்றாமல் இராது.

எட்டாம் படி: நகல் சர்வரும் காப்புப் பிரதியும்

மாலைக் கணக்கு, ஜிஎஸ்டி அறிக்கை போன்ற நீண்ட வினவல்களை, முதன்மை சர்வரின் தரவைத் தொடர்ந்து பெற்றுக்கொள்ளும் நகல் சர்வருக்கு மாற்றினால் முதன்மை சர்வர் விற்பனையைக் கவனிக்கும். ஆனால் நகல் சிறிது பின்தங்கியே வரும். பணம் செலுத்திய வாடிக்கையாளரின் ‘என் ஆர்டர்கள்’ பக்கத்தை நகலிலிருந்து காட்டினால், ஆர்டர் இல்லை என்று கண்டு அவர் மீண்டும் பணம் செலுத்துவார். ஆர்டர் இட்ட சில நிமிடங்களுக்காவது அவருக்கு முதன்மை சர்வரிலிருந்தே காட்டுங்கள். வேகம் வேண்டி, ஒவ்வொரு பரிவர்த்தனையும் வட்டில் எழுதப்பட்டதை உறுதிசெய்யும் அமைப்பைத் தளர்த்தும் யோசனை இணையத்தில் பரவலாகக் கிடைக்கும். இன்னோடிபியில் அந்த அமைப்பின் எண்ணை 1-லிருந்து 2-க்கு மாற்றினால், மின்சாரம் போகும்போது கடைசி ஒரு நொடி அளவுக்கான ஆர்டர்கள் தொலையலாம். பணம் வங்கியில் இருக்கும், ஆர்டர் கடையில் இருக்காது. விற்பனைத் தரவுக்கு அது வேண்டாம்.

2018 நவம்பர் 16-ல் கஜா புயல் நாகப்பட்டினத்துக்கும் வேதாரண்யத்துக்கும் இடையே கரையைக் கடந்தபின் டெல்டாவின் பல ஊர்களில் நாள்கணக்கில் மின்சாரம் இல்லை. பண்டிகைப் பருவமும் வடகிழக்குப் பருவமழையும் புயலும் இங்கே ஒரே மாதங்களில்தாம் வருகின்றன. ஆகவே காப்புப் பிரதி கடையின் மாடியிலிருக்கும் கணினியில் மட்டும் இருக்கக் கூடாது. ஒன்றாவது வேறு மாநிலத்துத் தரவு மையத்தில் இருக்கட்டும். ஒத்திகை வாரத்திலேயே அந்தப் பிரதியிலிருந்து ஒரு வெற்று சர்வரில் தரவுத்தளத்தை முழுதாக மீட்டெடுத்து, எவ்வளவு நேரம் ஆயிற்று, கடைசி ஆர்டர் எந்த நிமிடத்துக்குரியது என்ற இரண்டையும் எழுதி, கல்லாவில் இருப்பவருக்கும் தெரியும் இடத்தில் ஒட்டிவையுங்கள். சர்வர் விழுந்த நேரத்தில் வாடிக்கையாளரின் அழைப்பை எடுப்பவர் அவரே. எத்தனை மணிக்குக் கடை திரும்பத் திறக்கும் என்று அந்தச் சீட்டைப் பார்த்து அவரால் சொல்ல முடியும்.